காணிப்பாக்கத்துக்கு வராத சுகுணா

1

நகரியில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு நான் ஒரு நல்ல வேடிக்கை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை வீட்டில் வைத்துக்கொண்டு அம்மாக்காரி புத்தகப் பையோடு கிளம்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்துவிட்டுப் போகட்டும். கனடாவில் நான் இருக்கும் இந்தக் குளிர் பிடித்த ஊரில், என் வகுப்பில் இருப்பவர்கள் எல்லாருமே என்னைப் போலத்தான். தீயணைப்பு நிலையத்தில் தலை நரைத்துப்போன அதிகாரி ஒருவர். ஆஸ்பத்திரியில் நர்சுகளை மேய்க்கிற பெண்மணி ஒருத்தி. குடிநீர் நிலையத்திலிருந்து பூட்ஸைக்கூட மாற்றாமல் நேராக வகுப்புக்கு வருகிறவர் ஒருவர். வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே நடத்தும் பொது நிர்வாக முதுகலைப் படிப்பு இது.

பகலில் நான் நகராட்சி அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். நாய்க்கு லைசென்ஸ், குப்பைத் தொட்டி உடைந்த கதை, வாசலில் பனியை அள்ளாத பக்கத்து வீட்டுக்காரர்மேல் புகார். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் முரளி காரோடு நிற்பார். கார் உள்ளே சூடாக இருக்கும். பின் சீட்டில் டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் இருக்கும். வகுப்பு முடிகிறவரை வெளியே காரிலேயே போன் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ கொடுத்துவைத்தவள் என்று நர்ஸ் பெண்மணி சொல்வாள். போன மாதம் வரைக்கும் நானும் அதை மறுத்ததில்லை.

கடைசிப் பருவத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். நாம் வேலை பார்த்த இடத்தில் நிர்வாகம் எங்கே தவறியது என்று, நேரில் பட்ட ஒரு சம்பவத்தை எடுத்து அலச வேண்டும். நான் சித்தூரை எடுத்தேன். எனக்கு வந்திருக்க வேண்டிய ஒரு வேலை, சுகுணா என்கிற என் சிநேகிதி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டதால் கைநழுவிப் போனதை எழுதினேன். ஆத்திரத்தில் எழுதியதால் நன்றாகவே வந்திருந்தது. பேராசிரியை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘மறுபக்கம் எங்கே? சுகுணாவிடம் பேசிவிட்டு எழுதிக் கொடுங்கள்’ என்று கீழே ஒரே ஒரு குறிப்பு.

சுகுணாவோடு நான் பேச்சை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. மார்க்குக்காக அவளுக்குப் போன் பண்ண வேண்டிய நிலைமை.

2

இதே படிப்பை நான் திருப்பதியில் ஏற்கெனவே முடித்தவள். இங்கே வந்ததும் அந்தச் சான்றிதழை மதிப்பிட அனுப்பினேன். தபாலில் படித்ததா, வகுப்பில் படித்ததா என்று கேட்டார்கள். இரண்டும் என்றேன். அப்படி ஒரு கட்டம் அவர்கள் தாளில் இல்லை. எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்று பல்கலைக்கழகமே எழுதி, உறையை ஒட்டி முத்திரை வைத்து நேராக அனுப்ப வேண்டும் என்றார்கள். திருப்பதியில் அந்த உறையை ஒட்ட ஆள் கிடைக்கவில்லை. போதாததற்கு என் வீட்டுக்காரர் பிறந்த ஊரான சத்தியவேடு ஒரு காகிதத்தில் சித்தூர் மாவட்டம், இன்னொன்றில் திருப்பதி மாவட்டம். “எப்போது குடிபெயர்ந்தீர்கள்?” என்று கேட்டாள் அங்கிருந்த பெண். “நாங்கள் பெயரவில்லை, மாவட்டம்தான் பெயர்ந்தது” என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் என் முதுகலையைப் பாதிப் படிப்பாகக் கழித்துவிட்டார்கள். சரி, மறுபடி படிக்கிறேன் போ என்று கிளம்பினேன்.

ஆனால் அந்தத் திருப்பதிப் படிப்பு பாதிப் படிப்பு என்று யார் சொன்னாலும் எனக்கு ஆறாது. நானும் சுகுணாவும் சித்தூர் கலெக்டர் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் சித்தூர் டவுனிலேயே பிறந்த தெலுங்குக்காரி, தமிழும் எங்களைப் போலவே பேசுவாள். நான் நகரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முதுகலைக்குப் பதிந்தோம். வகுப்பு சனி, ஞாயிறு திருப்பதியில். ஞாயிறு பிரச்சினையில்லை. சனிக்கிழமை ஆபீஸ் உண்டு, ஒரு செக்ஷனிலிருந்து ஒருத்தரைத்தான் விடுவார்கள். அதனால் ஒரு சனி அவள் போவாள், ஒரு சனி நான் போவேன். இருப்பவள் போனவளின் சீட்டைப் பார்த்துக்கொள்வாள்.

சீட் பார்த்துக்கொள்வது என்றால் எங்கள் ஆபீசில் சும்மா இல்லை. அவளுக்கு வரும் மனுவை வாங்கி, அவளுக்கு வரும் போனை எடுத்து, அவளுக்கு வரும் திட்டையும் வாங்கி, பொழுது சாய்வதற்குள் அவள் காதில் போட்டுவிட வேண்டும். அதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை.

சனிக்கிழமை போனவள் ஞாயிற்றுக்கிழமை மற்றவளுக்குப் பாடம் நடத்த வேண்டும். திருப்பதியில் வகுப்பு முடிந்ததும் சந்திரகிரிக்கு பஸ் ஏறுவோம். கோட்டைக்குள் மகாலுக்கு முன்னால் புல்தரையில் உட்கார்ந்து, நிலக்கடலையை உரித்துத் துன்னுக்கொண்டே, அவள் தெலுங்கிலும் நான் தமிழிலுமாக அதிகாரப் பரவல், பொறுப்புடைமை என்று உருப்போடுவோம். என் படிப்பில் பாதி அவள் வாயால் கேட்டது. அவள் படிப்பில் பாதி என் வாயால். புருஷனிடம் சொல்லாததை எல்லாம் நான் அந்தப் புல்தரையில் சொல்லியிருக்கிறேன்.

3

நாங்கள் தேறிய பிறகு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. சத்தியவேடு அங்கே போனது, நகரி சித்தூரிலேயே நின்றது. அந்த மாதங்களில் சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு வாங்கும் நாளான திங்கட்கிழமைதோறும் ஒரே கூத்து. சத்தியவேட்டு விவசாயிகள் பழக்கதோஷத்தில் மூட்டை மாதிரி காகிதங்களைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கே வந்து நிற்பார்கள். “நைனா, இனிமே நீங்க திருப்பதிக்குத்தான் போவணும், இங்க உங்க பேரே இல்ல” என்று நான்தான் தமிழில் சொல்லி அனுப்புவேன். “காலையில எழுந்து நாலு பஸ் மாறி வந்துக்கினு கீறோம், இப்ப போய் சொல்றியே தாயி” என்பார்கள். எனக்கே பாவமாக இருக்கும்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. புது மாவட்டத்தில் மக்களிடம் மனு வாங்கும் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். வேலையில் இருந்துகொண்டே பொது நிர்வாகம் படித்தவர்களுக்கு முதல் இடம். எல்லைப்புறத்து ஆட்கள் வருவதால் தமிழ் தெரிந்தால் இன்னும் நல்லது. என் ஜாதகத்தைப் பார்த்து எழுதினார்களோ என்று நினைத்தேன். என்னையும் சுகுணாவையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சித்தூரில், காலை பத்து மணிக்கு.

வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. முரளி அப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கனடாவுக்கு எழுதிப் போட்டிருந்தார், காகிதங்கள் வர ஆரம்பித்திருந்தன. நான் உட்கார்ந்து பேசினேன். “உனக்கு வேல கிடைச்சா ரெண்டு வருசம் தள்ளிப் போடலாம் வாணி. நீ மனச அலட்டிக்காத, நல்லா படி” என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கண்ணே கலங்கியது.

முந்தின நாள் படிக்க லீவு போட்டேன். என் சீட்டைச் சுகுணா பார்த்துக்கொண்டாள். மறுநாள் முதல் பஸ் பிடித்துச் சித்தூர் போனால் வராந்தா காலி. அட்டெண்டர் என்னை வியப்பாகப் பார்த்தார். “இக்கட லேதம்மா, திருப்பதிலோ. நேத்தே மாத்திட்டாங்களே. உங்க சீட்டுக்குப் போன் வந்துச்சே, சுகுணம்மாதானே எடுத்தாங்க?” என்றார். போனைப் பார்த்தேன், அதில் ஒன்றுமில்லை. வாசலில் சத்தியவேட்டுப் பெரியவர் ஒருவர் திருப்பதிக்கு எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரோடு அதே பஸ்ஸில் நானும் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சுகுணா வெளியே வந்துகொண்டிருந்தாள். “இன்னா வாணி இவ்ளோ லேட்டு? உனக்குத்தான்...” என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தத்தைத்தான் நான் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன். வேலை அவளுக்குப் போனது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர்மேல் சந்தேகம் வந்து தீராவிட்டால் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிடுவோம். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். அங்கே பொய் சொன்னால் தாங்காது என்று கள்ளனுக்கும் பயம் உண்டு. ஆபீசில் டிபன் டப்பா காணாமல் போனால்கூட காணிப்பாக்கத்துக்கு வர்றியா என்றுதான் கேலி பண்ணுவோம். நான் கேலியாகக் கேட்கவில்லை. செக்ஷனில் எல்லார் முன்னாலும் சுகுணாவைக் கேட்டேன். “ஞாயித்துக்கிழம வா. வந்து, நான் மறைக்கலன்னு சத்தியம் பண்ணு. நான் உன் கால்ல விழறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் முரளியும் போய்க் குளத்தண்டை காத்திருந்தோம். அவள் வரவில்லை. காணிப்பாக்கத்துக்கு வராதவள் என்றால் எங்கள் ஊரில் தீர்ப்பு எழுதிய மாதிரி. அதன் பிறகு ஆபீசில் அவளோடு ஒரே பாத்திரத்தில் காபி குடிக்க ஆளில்லை. சில மாதங்களில் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

4

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது தீயணைப்பு அதிகாரி கையைத் தூக்கினார். “அந்தப் பெண் போனை எடுத்தார், சரி. பிறகு யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டீர்களா?”

சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டேன் என்றேன்.

“அது கேள்வி இல்லையே” என்றார். விபத்து நடந்த இடத்துக்கு வண்டி போகாவிட்டால் முதலில் பார்ப்பது, தகவல் எந்தக் கையில் நின்றது என்பதைத்தான் என்று விளக்க வேறு செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. காணிப்பாக்கத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

சனிக்கிழமை காலையில் சுகுணாவுக்குப் போன் பண்ணினேன். அங்கே சாயங்காலம். மகள் நிவி தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கிறது. தெலுங்கு போயே போய்விட்டது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். முரளி வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“இன்னா வாணி, காணிப்பாக்கத்துக்குக் கூப்பிடப் போன் பண்ணியா?”

“இல்ல. பாடத்துக்கு” என்றேன். விறைப்பாகத்தான் பேசினேன். “மறுபக்கம் வேணுமாம். அன்னிக்கு திருப்பதிக்கு மாத்தினது உனக்குத் தெரியும். ஏன் எனக்குச் சொல்லல? சொல்லு, எழுதிக்கிறேன்.”

“சொன்னேனே” என்றாள்.

“யார்கிட்ட?”

“உன் நம்பருக்குத்தான் பண்ணேன், சாயங்காலம் சீட்ட விட்டு எழுந்ததுமே. அண்ணன் எடுத்தாரு. நீ கோயிலுக்குப் போய்க்கினு கீறன்னாரு. திருப்பதிக்கு மாத்திட்டாங்கண்ணா, பத்து மணிக்கே வரணும்னேன். சரிம்மா, நான் சொல்லிடறேன்னாரு.”

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் அன்று ஒன்றுமில்லையே என்று கேட்க வாய் வந்தது. அவர் அழித்திருப்பார் என்று எனக்கே புரிந்தது, கேட்கவில்லை.

“மறுநாள் உன் மூஞ்சியப் பார்த்தப்பதான் எனக்கு வெளங்குச்சு” என்றாள் சுகுணா. “அன்னிக்கு ராவே அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு. அழுதாரு வாணி. விசா வந்துட்டுது, இந்த வேல கிடைச்சிருந்தா இவ வந்திருக்க மாட்டா, இப்ப உண்மை தெரிஞ்சா குடும்பம் ரெண்டா போயிடும், நீ வாயத் தொறக்காதம்மான்னாரு.”

“நீ தொறக்கல.”

“தொறக்கல.”

“வேலையும் உனக்குக் கிடைச்சுது.”

“கிடைச்சுது. இல்லேன்னா சொன்னேன்? வேணான்னு எழுதிக் கொடுக்க நான் இன்னா சாமியாரா? எனக்கும் ரெண்டு பொண்ணு கீது.”

“காணிப்பாக்கத்துக்கு வந்திருக்கலாமே.”

“வந்து இன்னான்னு சத்தியம் பண்றது? ஒண்ணும் மறைக்கலன்னு பொய் சொல்லச் சொல்றியா, அந்தச் சாமி முன்னால? சொன்னேன்னு சொன்னா, யார்கிட்டன்னு கேப்ப. பக்கத்துலயே நிப்பாரு அந்த மனுசன். ஈரத்துணியோட உன் குடும்பத்த ஒடைக்கவா வரணும்? அதுக்கப்புறம் ஆபீசுல என்ன எவளும் நம்பல. உனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்.”

அவள்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் ஆத்திரமும் வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. என் குடும்பம் உடையாமல் பார்த்துக்கொள் என்று இவளிடம் நான் கேட்டேனா? எல்லாரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்திரகிரிப் புல்தரையில் எதைத்தான் இவளிடம் சொல்லாமல் வைத்தேன்? அவள் இதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

5

முரளி பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். டீ வேண்டுமா என்றார்.

“சுகுணாகிட்ட பேசினேன்” என்றேன்.

“எந்தச் சுகுணா?”

நான் அவரையே பார்த்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உன் நல்லதுக்குத்தான் வாணி.”

“ரெண்டு வருசம் தள்ளிப் போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். நீ கவலயில்லாம படிக்கணும்னு சொன்னேன்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அது இன்னா பெரிய வேல? மாசத்துக்கு நாலு திங்கக்கிழம, ஜனங்ககிட்ட திட்டு வாங்கணும். இங்க பாரு, வீடு, காரு. நிவிக்குப் படிப்பு. அங்கயே இருந்திருந்தா நீ இந்தப் படிப்ப படிக்க முடியுமா?”

“அதே படிப்பத்தாங்க ரெண்டாவது வாட்டி படிக்கிறேன்!” என்று கத்திவிட்டேன்.

கதவு திறந்தது. நிவி காதிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டே வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கு அப்போது அவள் வேண்டியிருந்தாள். ஒருத்தியாவது என் பக்கம் நிற்க வேண்டும் என்று இருந்தது. தமிழும் இங்கிலீஷுமாக முழுக்கச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அந்த வேல கிடைச்சிருந்தா நாம இங்க வந்திருக்கவே மாட்டோம், இல்லம்மா?”

“மாட்டோம்.”

“அப்போ ஓகேதானே?” என்றாள். பிறகு என் தோளை ஒரு முறை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கெட்ட பிள்ளையில்லை. அவளுடைய இந்த ஊர் வாழ்க்கை முழுக்க அந்தச் சொல்லாத சொல்லில் ஆரம்பித்தது, அவளை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அந்த நிமிடத்தில் அந்த வீட்டில் மூன்று பேரில் நான் மட்டும் தனி ஆள் என்று தெரிந்தது.

கட்டுரையைத் திருத்திக் கொடுத்தேன். சுகுணாவின் பக்கத்தை எழுதினேன். அவரை எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, ‘தகவலை இடையில் பெற்றுக்கொண்ட மூன்றாம் நபர்’ என்று எழுதினேன். பேராசிரியைக்கு மிகவும் பிடித்துவிட்டது. தகவல் எந்தக் கையில் நின்றது என்பதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டியிருந்தார். செவ்வாயும் வியாழனும் மூன்றாம் நபர்தான் இப்போதும் கார் கொண்டுவருகிறார். பின் சீட்டில் டிபன் டப்பா இருக்கிறது. பசிப்பதால் துன்றேன்.

சுகுணா மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒரு தடவை எடுத்தேன். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அங்கே வெயில் எப்படி என்று கேட்டு வைத்துவிட்டேன்.

வேலை போனதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். காணிப்பாக்கத்தில் காத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெயில் ஏற ஏற நான் குளத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். அவர்தான் என்னை எழுப்பினார். என் முந்தானையை எடுத்து என் தலைமேல் போட்டுவிட்டார். சன்னிதி பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். “விடு வாணி. தப்பு பண்ணவ எப்படி வருவா?” என்றார். பஸ்ஸில் நகரி வரைக்கும் என் கையை விடவே இல்லை. கல்யாணமாகி நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அந்த ஒருநாள்தான். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், திரும்பிப் போய்விடலாம் என்று நான் அழுத நாட்களில், அவரோடு முகம் கொடுத்துப் பேசாத வாரங்களில், அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் மனசைத் தேற்றிக்கொண்டேன். எனக்காக ஒருத்தர் இருக்கிறார் என்று நம்பினேன். இனி அழுகை வந்தால் எதை நினைத்துக்கொள்வேன்?